நடுங்கும் கேமரா

அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. நபிந்து போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

சண்டைக்குக் காரணம் பழையதுதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எரிமலை வெடித்தது. நெருப்புக் குழம்பு கோமா நகரத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஏரியில் போய் விழுந்தது. அப்பா முருலா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிழக்கே ஓடினார். பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா குழம்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. ஆறிக் கறுத்துப்போன அதே குழம்பின் மேல்தான், மஜெங்கோ பகுதியில், முருலா மறுபடி வீடு கட்டினார். ஓடியதால்தான் அவளைத் தொலைத்தேன், இனி ஓட மாட்டேன் என்பது அவர் கட்சி.

நபிந்து அதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள்தான். ஆனால் இப்போது அந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி கவிரா நிறைமாதமாக இருக்கிறாள். அவளையாவது ஏரிக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். மாமனாரைத் தனியாக விட்டு வர மாட்டேன் என்று கவிராவே மறுத்தாள். அந்தக் கோபத்தில்தான் நபிந்து சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"அம்மாவைத் தொலச்ச மாதிரி இவளையும் தொலச்சிடாதீங்க."

முருலா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அந்த முகம் ஒரு வாரமாக அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதும் அதேதான் நினைவு.

நகர முன்னெச்சரிக்கை அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தாலும் அது பழைய காப்பிக்கொட்டைக் கிடங்கு. நடுவில் ஒரு பெரிய மேஜை. அதன்மேல் மண்ணும் களிமண்ணும் குழைத்துச் செய்த நியிராகொங்கோ எரிமலை, அதன் தெற்குச் சரிவு, அடியில் நகரம், கடைசியில் ஏரி. சாலைகளுக்குச் சிவப்பு நூல். பள்ளிக்கூடங்களுக்கு மஞ்சள் குண்டூசி, மருத்துவ நிலையங்களுக்கு வெள்ளை. நபிந்துவும் அவள் ஆட்களும் மாதக்கணக்கில் செய்தது.

மேஜைக்கு மேலே, சுவரிலிருந்து நீண்டு வந்த ஒரு இரும்புக் குழாயின் நுனியில் கேமரா தொங்கியது. மலையின் மேடு பள்ளத்தை அது அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். எங்கே வெடிப்பு விட்டால் குழம்பு எந்த வழியாக இறங்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அதைப் பார்த்துத்தான் எந்தத் தெரு ஜனம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நகரம் முடிவு செய்யும். ஒரு விரல் அகலம் தவறினால் ஒரு பேட்டையே தவறிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிகாலியிலிருந்து ஒரு வியாபாரி இரண்டு கேமராக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்தார். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றதை எடுத்துப்போக அன்று மாலை வண்டி வரும்.

நபிந்துவின் தம்பி பிசிம்வாதான் கணினி வேலையெல்லாம் பார்ப்பவன். கேமராக்களுக்கு அவன் பேர் வைத்திருந்தான். பழையது கிழவன். ஏதோ டி.வி. விளையாட்டுக்காகச் செய்தது. நிறத்தைத் துல்லியமாகப் பார்க்கும், நூல் எங்கே, ஊசி எங்கே என்று தப்பாமல் சொல்லும். ஆனால் மண்ணில் நகத்தால் கீறினால் அந்தக் கீறல் அதன் கண்ணுக்குத் தெரியாது, மெழுகிவிடும். புதியது மாப்பிள்ளை. ஒளியை வீசி, அது திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து ஆழம் அளக்கும். நகக்கீறலைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் நிறம் பார்க்கும் கண் தள்ளி இருப்பதால் எல்லா நிறமும் ஒரு விரல் நகர்ந்து விழும். கோமாவின் கறுப்பு மண் ஒளியை விழுங்கிவிடுகிறது என்று மலை முழுக்க மரவள்ளி மாவைச் சலித்துத் தூவியிருந்தார்கள்.

"உங்க மாப்பிள்ளைக்குக் குளிர் ஜுரம், யாயா," என்றான் பிசிம்வா, அக்காவைப் பார்த்ததும். "வந்து பாரு."

யாரும் தொடாத மலையை மாப்பிள்ளை அளந்துகொண்டிருந்தது. மேஜை அசையாமல் இருந்தால் எண்களும் அசையாமல் இருக்க வேண்டும். திரையில் மலை மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் ஆடும், நிற்கும். மறுபடி ஆடும்.

நேற்று கிழவனை இதே குழாயில் மாட்டிச் சோதித்தபோது இப்படி எதுவும் இல்லை. அப்படியானால் முடிவு சுலபம் என்றான் பிசிம்வா. கோளாறுள்ள மாப்பிள்ளையைப் பொறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

மேலதிகாரி கலிந்தாவும் வந்து பார்த்தார். அவருக்கும் அதுவே சரி என்று பட்டது. பெட்டியில் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நபிந்து நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டுப்போன கேமரா என்றால் அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாகத்தான் தப்பு வரும். இங்கே மலையுச்சியும் ஏரியும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அளக்கிற கண்ணே ஆடுகிறது போல.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னாள். ஆட்களை வெளியே அனுப்பினாள். வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி ஆள் விட்டாள். கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது. கூடம் அமைதியாகிவிட்டது.

மலை மறுபடி ஏறி இறங்கியது.

"மாப்பிள்ளைய எறக்கு," என்றாள். "கிழவன மாட்டு."

பிசிம்வா சலித்துக்கொண்டேதான் ஏணியில் ஏறினான். மாட்டி இறங்கி, விசையைத் தட்டிவிட்டு, ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். நேற்று கல்லாட்டம் இருந்த கிழவனின் திரையில் மலை அதே தாளத்தில் ஏறி இறங்கியது.

இருவரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நபிந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி நின்றாள். காலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சுவரில் ஒரு முனையைப் புதைத்து மறுமுனையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குத் தெரிந்திருந்தது.

"கேமரா இல்லடா," என்றாள். "பூமி."

பிசிம்வாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் சட்டைப்பையில் போனைத் தேடினான். கவிராவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மலையைக் கண்காணிக்கும் நிலையத்தில் நபிந்துவோடு படித்த மசிகா வேலை பார்த்தாள். நபிந்து அவளைக் கூப்பிட்டாள். மசிகாவின் குரல் தாழ்ந்தே இருந்தது. விடியற்காலையிலிருந்து தங்கள் கருவிகளும் ஆடுவதாகவும், ஆட்கள் மேலே போயிருப்பதாகவும் சொன்னாள். இரும்புக் குழாய் பொய் சொல்லவில்லை. இது அடங்கியும் போகலாம், அடங்காமலும் போகலாம்.

நபிந்து போனை வைத்தாள். சின்ன வயதில், கொதிக்கும் காற்றில் அப்பாவின் கை தன் மணிக்கட்டை நெரித்த வலி இத்தனை வருடம் கழித்தும் அங்கேயே இருந்தது. அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கலிந்தாவின் அறைக்குப் போனாள்.

கலிந்தா கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்றார். அவர் கெட்டவர் இல்லை. முன்பொரு முறை வெறும் வதந்திக்கே ஜனம் எல்லைப் பக்கம் முண்டியடித்து ஓடி, கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் நசுங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தவர்.

"ஓடுன்னு சொல்றது லேசு, நபிந்து. எந்தப் பக்கம்னு சொல்லணும்ல. தப்பான பக்கம் சொல்லிட்டா, சொல்லாம இருக்கறதவிட மோசம்."

நபிந்து கதவைத் திறந்தாள். கூடத்துக்குத் திரும்பி வந்தாள். தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மஜெங்கோவுக்குப் போய், கவிராவையும் அப்பாவையும் ஏரிக்கரைக்கு அழைத்துவரச் சொன்னாள்.

"அவரு வர மாட்டாரே."

"நான் பேசினது தப்புன்னு சொல்லு. மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. அப்பவும் வரலேன்னா தூக்கிட்டு வா."

அவன் கிளம்பிப்போன சத்தம் தெருவில் தேய்ந்தது.

நண்பகலுக்குப் பிறகு மசிகா மறுபடி கூப்பிட்டாள். மேலே போனவர்கள் தெற்குச் சரிவில் புதிய வெடிப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். நீளமாக, ஆனால் ஆள் தாண்டும் அளவு குறுகலாக. அதிலிருந்து சூடான ஆவி வருகிறது. இடத்தைச் சொன்னாள். நபிந்து ஒரு கத்தி நுனியால் களிமண்ணில் அதைக் கீறினாள். இடம் சரியாக விழ இரண்டு தடவை அழித்துக் கீற வேண்டியிருந்தது.

"அது தொறந்துச்சுன்னா எங்க போகும்னு உன் மேஜைகிட்ட கேட்டுச் சொல்லு," என்றாள் மசிகா. "இங்க யாராலயும் இப்போதைக்குச் சொல்ல முடியல."

குழாயில் இருந்தது கிழவன். அதையே ஓட்டினாள். நடுக்கம் ஓயும் இடைவெளிக்காகக் காத்திருந்து படம் எடுத்தாள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. குழம்பு மேற்கே ஒதுங்கி, ஆள் இல்லாத பழைய பாறை வெளியில் போய்ப் பரவும் என்று காட்டியது. அவளுக்கு மூச்சு வந்தது. பின்னால் வந்து நின்ற கலிந்தாவும் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பிறகுதான் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கீறிய வெடிப்பு அதில் இல்லவே இல்லை. கிழவன் அதை மெழுகிவிட்டிருந்தது. வெடிப்பே இல்லாத ஒரு மலையில் குழம்பு எந்த வழியில் ஓடும் என்றுதான் அது சொல்லியிருக்கிறது.

பெட்டியில் கட்டி வைத்திருந்த மாப்பிள்ளையை அவிழ்த்தாள். தானே ஏணியில் ஏறினாள். மேலே நிற்கும்போதுதான் குழாயின் அதிர்வை உள்ளங்கையில் முதன்முதலாக உணர்ந்தாள், பிடித்துவைத்த பறவையின் நெஞ்சைப் போல. இறங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகை முடுக்கினாள்.

மாப்பிள்ளை வெடிப்பைப் பார்த்தது. குழம்பு அந்தக் கீறலோடு திரும்பி, முனிகி குன்றுக்குப் பக்கமாக இறங்கியது. ஆனால் நிறம் ஒரு விரல் நகர்ந்து விழுந்திருந்ததால், சிவப்பு நூல் தள்ளித் தெரிந்தது. சாலைக்கு ஒதுக்குப்புறமாகக் குழம்பு போகிறது, சாலை பிழைத்துக்கொள்ளும் என்பது போல இருந்தது படம்.

ஆழத்தில் ஒன்று பொய் சொன்னது, நிறத்தில் மற்றது பொய் சொன்னது.

அப்போதுதான் கிகாலி வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த கயிதாரே மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதை எடுத்துப்போகட்டும் என்று கேட்டான்.

"ரெண்டும் வேணும்," என்றாள் நபிந்து. "இன்னிக்கு ஒண்ணையும் தர முடியாது."

கயிதாரே தனக்கு வந்த உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தான். பிறகு அவள் முகத்தையும் திரையையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆபத்தா என்று மட்டும் கேட்டான். இப்போதைக்கு இல்லை என்றாள். அவன் வெளியே போய் மனைவியோடு போனில் பேசிவிட்டு வந்து, எதையாவது பிடிக்க வேண்டுமா என்று கேட்டான்.

பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் ஒளியை வீசினால் ஒன்றையொன்று குழப்பிவிடும் என்பதால், கிழவன் ஆழம் அளக்க வீசும் ஒளியைக் கறுப்பு டேப்பால் மூடினாள். அது நிறத்தை மட்டும் பார்க்கட்டும். ஆழத்தை மாப்பிள்ளை பார்க்கட்டும். மேஜையின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து, இரண்டு படத்திலும் அந்த நான்கு ஆணியும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை நகர்த்தினாள். இது பிசிம்வா செய்கிற வேலை. அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. நடுவில் தம்பியின் போனுக்கு அடித்தாள். லைன் கிடைக்கவில்லை.

ஆட்டம் ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளியில் படம் பதிந்தது.

சிவப்பு நூல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. குழம்பு வெடிப்பிலிருந்து இறங்கி, முனிகி குன்றின் மேற்குப் பக்கமாக வளைந்து, பிரதான சாலையின்மேல் ஏறி, அதை விடாமல் பிடித்துக்கொண்டு நேரே மஜெங்கோவுக்குள் போனது. ஜனம் தப்பித்து ஓட நினைக்கும் அந்தச் சாலையிலேயே அதுவும் வரும்.

கலிந்தா மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்புவது என்று கேட்டார். ஏதாவது ஒன்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்து கேட்ட கேள்வி அது.

"மூணாவத," என்றாள். "தப்பா இருந்தா என் தலையில போடுங்க."

அவர் தன் அறைக்குப் போனார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. ஆளுநர் அலுவலகத்தை அவரே போனில் கூப்பிடுவது கேட்டது. மஜெங்கோ ஜனம் சாலையை விட்டு விலகிப் போக வேண்டும், ஒலிபெருக்கி வண்டிகள் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நபிந்துவின் போன் அடித்தது. பிசிம்வா.

வீடு பூட்டியிருந்தது, இத்தனை நேரம் ஊரெல்லாம் தேடினேன் என்றான். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாளாம், காலையிலேயே கவிராவுக்கு வலி கண்டுவிட்டதாம். ஆட்டோவும் கிடைக்காமல், மூட்டை தள்ளுகிற சுக்குடு என்னும் மர வண்டியில் அவளைப் படுக்கவைத்து, அப்பாவே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் மருத்துவ நிலையம் அதுதானே என்று முனிகிக்கு.

"முனிகி மேல இருக்குடா," என்றாள் நபிந்து. வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்ற மனிதர் கடைசியில் அசைந்துவிட்டார். அதுவும் மலையைப் பார்த்து.

தெரியும், போய்க்கொண்டிருக்கிறேன் என்று கத்தினான் அவன். எதிரே ஜனம் திரளாக இறங்கி வருகிறது, மலைப் புகை நிறம் மாறிவிட்டது என்றான். போன் அறுந்தது.

அதன்பிறகு அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். கயிதாரே கொண்டுவந்து வைத்த தேநீர் ஏடு படிந்து ஆறியது. வெளியே முதல் ஒலிபெருக்கி வண்டி போனது. தெருவில் யாரோ ஒரு பெண் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நபிந்து. அப்பா பேசறேன். நர்ஸம்மா போனு."

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை. பின்னணியில் ஜனக்கூச்சல். அதற்கு நடுவே ஒரு பெண் பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. கவிரா.

அவர் அவசரப்படாமல்தான் பேசினார். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. இப்போதே நகர்த்தினால் தாங்குவாள், இன்னும் கொஞ்சம் விட்டால் நகர்த்த முடியாது என்கிறாள் நர்ஸ். பிசிம்வா வந்து சேர்ந்துவிட்டான். சாலை வழியாகக் கீழே இறங்கிவிடலாம் என்று குதிக்கிறான். எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

"நாந்தான் அவனப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்," என்றார். "நீ சொல்லும்மா. எந்தப் பக்கம்?"

அப்பா அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. அவள் திரையைப் பார்த்தாள். வெள்ளைக் குண்டூசி குன்றின் மேற்கு விளிம்பில் இருந்தது, குழம்பு போகும் வழிக்கு வெகு அருகில். அதற்கு நேர் பின்னால் குன்றின் மறுபக்கம், வெறும் மாவு பூசிய மண், எதுவும் தொடாமல் கிடந்தது. மூன்றாவது படம் சரியாக இருந்தால் அங்கே உயிர் பிழைக்கலாம். அது தவறாக இருந்தால், அவளே தன் குடும்பத்தைக் கையைப் பிடித்து நெருப்புக்குள் அனுப்புகிறாள்.

"ரோட்டுல எறங்காதீங்க, அப்பா. யார் சொன்னாலும் எறங்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மேடு இருக்கில்ல, அதச் சுத்திக்கிட்டுப் போங்க. கவிராவ சுக்குடுலயே படுக்க வச்சு, ரெண்டு பேருமா தள்ளுங்க. கிழக்க போங்க."

அன்று அவர் அம்மாவைத் தொலைத்ததும் கிழக்கே ஓடியபோதுதான். கிழக்கு என்ற சொல் அவரை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"அப்பா, கிழக்க," என்றாள் மறுபடி.

காலுக்கடியில் தரை ஒரு முறை நன்றாகவே குலுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. கயிதாரே மேஜையைப் பிடித்துக்கொண்டான். மலையுச்சியிலிருந்து மரவள்ளி மாவு கொஞ்சம் சரிந்து விழுந்தது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கூச்சல் இல்லை, முனகல் இல்லை, லைன் அறுந்திருந்தது. எந்தச் சொல்வரை அவர் கேட்டார் என்று தெரியவில்லை. அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தாள். மணி போகவில்லை. மறுபடி அடித்தாள்.